டிலனுக்குக் குரல் இல்லை என்பவர்களுக்கு

கேட்கப்பட்ட கேள்வி இது: “பாப் டிலனின் பாடல் வரிகள் நன்றாக இருக்கின்றன என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் பாடுவதை ஐந்து நிமிடம் தொடர்ந்து கேட்க முடியவில்லை. மூக்கால் பாடுகிறார், பாதி நேரம் பேசுகிறார், குரலில் இனிமை என்பது மருந்துக்கும் இல்லை. இப்படிப்பட்ட ஒருவரை அறுபது ஆண்டுகளாக ஏன் கொண்டாடுகிறார்கள்? வரிகளுக்காக மட்டும்தான் என்றால் அவற்றைப் படித்துக்கொள்ளலாமே, எதற்காகக் கேட்க வேண்டும்?”

உங்கள் கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது; அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். டிலனைப் புகழ்கிறவர்களிலேயே பெரும்பாலோர் ஒரு சமரசத்துக்கு வந்துவிடுகிறார்கள். குரல் சுமார்தான், ஆனால் மனிதர் கவிஞர், ஆகவே பொறுத்துக்கொள்வோம் என்று. இந்தச் சமரசத்தில் எனக்கு உடன்பாடில்லை. 2016இல் அவருக்கு இலக்கிய நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது கிளம்பிய சண்டையிலும் இரு தரப்பும் பாடலை ஓரமாக வைத்துவிட்டு, தாளைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடின. அடுத்த ஆண்டு ஜூன் மாதம் அளித்த நோபல் உரையில் அவரே இதைத் தீர்த்து வைத்தார்: பாடல்கள் பாடப்படுவதற்காக இருப்பவை, தாளில் படிப்பதற்காக அல்ல. அது தன்னடக்கப் பேச்சு இல்லை, தொழில் தெரிந்தவரின் பேச்சு. அவருடைய வரிகளை அச்சில் பார்த்தால் பல இடங்களில் நொண்டும். ஒரு வரியில் நான்கு சொல் இருக்கும், அதற்கு எதுகையாக வரும் அடுத்த வரியில் பதினான்கு சொல் இருக்கும். எந்த இலக்கணப் புலவரும் அதை அலகிட்டு ஒப்புக்கொள்ள மாட்டார். அந்த மூக்குக் குரல் சில சொற்களை விழுங்கி, சில சொற்களை இழுத்து, ஓரிடத்தில் மூச்சுவிடாமல் ஓடி, இன்னோரிடத்தில் தேவையில்லாமல் நிற்பதுபோல் நிற்கும்போதுதான் அந்த வரிகளுக்கு அளவு பிறக்கிறது. அந்தக் குரலை மனத்தில் வைத்து எழுதிய வரிகள் அவை. குரலைக் கழித்துவிட்டால் கையில் மிஞ்சுவது பாட்டின் பாதிதான்.

அது அவருடைய இயல்பான குரல், பாவம் மனிதருக்கு வாய்த்தது அவ்வளவுதான் என்று நினைத்தால் அதுவும் சரியில்லை. 1941இல் மினசோட்டா மாநிலத்தின் டுலூத் நகரில் பிறந்து, இரும்புத் தாதுச் சுரங்கங்கள் சூழ்ந்த ஹிப்பிங் என்ற ஊரில் வளர்ந்தவர் ராபர்ட் ஜிம்மர்மன்; டிலன் என்பது பிறகு வைத்துக்கொண்ட பெயர். தந்தை வீட்டு மின்சாதனங்கள் விற்கும் கடை நடத்தினார். நடுத்தரக் குடும்பம், சாப்பாட்டுக்குக் குறைவில்லை. பள்ளிப் பருவத்தில் அந்தப் பையன் ராக் அண்ட் ரோல் பாடிக்கொண்டிருந்தான். பிறகு நாட்டுப்புறப் பாடகர் வுடி கத்ரியின் பாடல்கள் கையில் கிடைத்தன, பிடித்தது பைத்தியம். 1961 ஜனவரியில் நியூயார்க் வந்து சேர்ந்ததும், நரம்பு நோயால் நியூ ஜெர்சி மருத்துவமனையில் கிடந்த கத்ரியைத் தேடிப்போய், அவர் பாடல்களை அவருக்கே பாடிக்காட்டினார். நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜ் பகுதிக் காபிக் கடைகளில் பாடும்போது தன் கடந்தகாலத்தைப் பற்றிக் கதைகளாக அளந்தார்: வீட்டைவிட்டு ஓடினேன், ஊர் ஊராகத் திரிந்தேன், திருவிழாக் கூடாரங்களில் வேலை பார்த்தேன். எல்லாம் கற்பனை. 1963 நவம்பரில் ‘நியூஸ்வீக்’ பத்திரிகை உண்மையை அச்சிட்டது. அவருக்கு மகா கோபம்.

முதல் ஆல்பத்தின் பதிவு 1961 நவம்பரில் நடந்தபோது அவருக்கு வயது 20. பதின்மூன்று பாடல்களில் சொந்தமாக எழுதியவை இரண்டே. மற்றவை பழைய பாடல்கள். அவற்றில் பலவும் சாவைப் பற்றியவை. பிளைண்ட் லெமன் ஜெஃபர்சன் என்ற பார்வையற்ற ப்ளூஸ் பாடகர், என் கல்லறையைச் சுத்தமாக வைத்திருங்கள் என்று கேட்டுப் பாடிய பாட்டும் அதில் உண்டு. இருபது வயதுப் பையன் எழுபது வயதுக் கிழவரின் தொண்டையைக் கடன் வாங்கிக்கொண்டு மரணத்தைப் பாடுகிறான்! யோசித்தால் சிரிப்பு வரும்; கேட்டால் வராது. அதே ஆண்டு செப்டம்பரில் ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகையில் ராபர்ட் ஷெல்டன் எழுதிய விமர்சனம்தான் டிலனை முதலில் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. அதிலேயே, இந்தக் குரலை அழகானது என்று எந்த விதத்திலும் சொல்ல முடியாது என்று எழுதிவிட்டு, தெற்கு மாநிலத்து வயற்கூலி ஒருவன் தன் வீட்டுத் திண்ணையில் தனக்குத்தானே பாடிக்கொள்ளும் அந்த முரட்டு அழகைப் பிடிக்க இவர் வேண்டுமென்றே முயல்கிறார் என்றும் எழுதினார். அந்த ‘வேண்டுமென்றே’ என்பதைப் பலர் கவனிக்காமல் போய்விடுகிறார்கள்.

டிலனைக் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தில் ஒப்பந்தம் செய்தவர் ஜான் ஹாமண்ட். ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேவின் முதல் பதிவுகளுக்குக் காரணமானவர், அரீதா ஃபிராங்க்ளினைக் கொலம்பியாவுக்குக் கூட்டிவந்தவர். குரல் என்றால் என்ன என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. முதல் ஆண்டில் டிலனின் ஆல்பம் ஐயாயிரம் பிரதி அளவுக்குத்தான் விற்றது. நிறுவனத்துக்குள் ‘ஹாமண்டின் முட்டாள்தனம்’ என்று கேலி செய்தார்கள். பிறகு அதே நிறுவனம், டிலன் பாடலை டிலனைப்போல் யாராலும் பாட முடியாது என்ற பொருளில் விளம்பரம் கொடுத்து, குறை என்று சொல்லப்பட்டதையே விற்பனைச் சரக்காக்கியது. வியாபாரிகளுக்கு இந்த மாதிரி விஷயம் சீக்கிரம் புரிந்துவிடுகிறது.

கரகரப்பு தேர்ந்தெடுத்ததுதான் என்பதற்கு இன்னொரு சாட்சி 1969இல் வந்த ‘நாஷ்வில் ஸ்கைலைன்’. அதில் மென்மையான, வழுவழுப்பான, கிட்டத்தட்ட இனிமையான ஒரு குரல் பாடுகிறது. வேறு யாரோ என்றுதான் முதலில் தோன்றும். சிகரெட்டை நிறுத்தினேன், குரல் மாறிவிட்டது என்று அவர் காரணம் சொன்னார். அதை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். சில ஆண்டுகளில் அந்தக் குரல் காணாமல் போனது. அவரால் அப்படியும் பாட முடியும், ஆனால் தன் பெரிய பாடல்களுக்கு அது போதாது என்று அவர் முடிவுசெய்தார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

சரி, இனிமையை விட்டு அந்தக் கரகரப்பை எதற்காகத் தேட வேண்டும்? முதல் காரணம் மரபு. 1952இல் ஃபோக்வேஸ் நிறுவனம் ஹாரி ஸ்மித் என்பவர் தொகுத்த 84 பழைய பதிவுகளை வெளியிட்டது. 1920களின் பிற்பகுதியிலும் 1930களின் தொடக்கத்திலும் பதிவானவை. சுரங்கத் தொழிலாளர்கள், பண்ணைக் கூலிகள், தெருவோரப் பாடகர்கள், பிரசங்கிகள். மூக்கால் பாடுவார்கள், தொண்டை கிழியப் பாடுவார்கள், கொலைச் செய்தியை வானிலை அறிக்கைபோல் பாடுவார்கள். நியூயார்க்கின் நாட்டுப்புறப் பாடகர் கூட்டத்துக்கு அந்தத் தொகுப்பு பாடநூல் மாதிரி. அந்த உலகத்தில் டிலனின் குரல் குறையுள்ள குரல் இல்லை, ஊர்க் குரல். வானொலியில் பளபளப்பான பாப் பாடல்கள் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அந்தக் குரலை எடுத்தது, தான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்ற அறிவிப்பும் ஆயிற்று.

இரண்டாவது காரணம் கேட்பவரின் காதைச் சேர்ந்தது. மிக அழகான குரலைக் கேட்கும்போது காது குரலிலேயே தங்கிவிடும்; சொல் என்ன, யார் யாரிடம் சொல்கிறார்கள் என்று கவனிக்காமலே மூன்று நிமிடம் இன்பமாகக் கழிந்துவிடும். டிலனின் குரலில் அப்படித் தங்க இடமில்லை. சொல்லுக்குப் போயே ஆக வேண்டும். இதைப் பலரும் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் இது பாதி விளக்கம்தான். இதுவே முழுக் காரணம் என்றால் பாடத் தெரியாத எவரும் டிலன் ஆகியிருக்கலாம். கிடாரும் கரகரத்த தொண்டையும் கொண்ட எத்தனையோ பேர் 1960களில் வந்தார்கள், போனார்கள்.

மீதிப் பாதியைக் காட்ட ஒரு பாட்டை எடுத்துக்கொள்கிறேன்: 1964 ஜனவரியில் வெளியான ஆல்பத்தில் இருக்கும் ‘த லோன்சம் டெத் ஆஃப் ஹாட்டி கரோல்’. 1963 பிப்ரவரியில் பால்டிமோர் நகரில் ஒரு ஹோட்டலில் நடந்த விருந்தில், புகையிலைப் பண்ணை வைத்திருந்த பணக்காரக் குடும்பத்து 24 வயது இளைஞன், பரிமாறத் தாமதித்தாள் என்று 51 வயதுப் பணிப்பெண் ஹாட்டி கரோலைப் பிரம்பால் அடித்தான். சில மணி நேரத்தில் அவள் இறந்தாள். ஆகஸ்ட் மாதம் தீர்ப்பு வந்தது: ஆறு மாதச் சிறை. பாட்டில் சில விவரங்கள் நடந்ததோடு ஒத்துப்போகாதவை என்ற குற்றச்சாட்டு உண்டு, அது நியாயமானதும்கூட. நான் பேச வந்தது அதன் கட்டமைப்பைப் பற்றி. கொலையைச் சொல்கிறார், கொன்றவனின் செல்வத்தைச் சொல்கிறார், இறந்தவளின் வேலையைச் சொல்கிறார். ஒவ்வொன்றின் முடிவிலும், அழுவதற்கு இது நேரமில்லை என்று தடுக்கிறார். கடைசியில் நீதிமன்றம். நீதிபதியின் கம்பீரத்தையும் சட்டத்தின் சமத்துவத்தையும் அடுக்கிக்கொண்டே போய், தண்டனையின் அளவைச் சொல்லி நிறுத்துகிறார். அதன் பிறகுதான் அழ அனுமதி.

இந்தப் பாட்டை அருமையான குரல்வளம் உள்ள ஒருவர் பாடுவதாகக் கற்பனை செய்யுங்கள். அவர் முதல் வரியிலேயே உருகிவிடுவார். உருகினால் பாட்டு செத்தது. டிலன் கிட்டத்தட்ட ஒரு செய்தி நிருபரின் சலனமில்லாத தொனியில் பாடுகிறார். பணிப்பெண்ணின் வேலையைச் சொல்லும் இடத்தில் மூன்று வரிகளை ஒரே சொல்லில், மேசை என்ற சொல்லிலேயே முடிக்கிறார். எதுகை தேடக்கூட அவள் வாழ்க்கையில் இடமில்லை என்பதுபோல, மேசை, மேசை, மேசை. தாளில் அது சோம்பேறித்தனமாகத் தெரியும். அந்த வறண்ட குரலில் கேட்கும்போது ஒரு மனுஷியின் உழைப்பு கண் முன்னால் வந்து நிற்கிறது. அவள் கறுப்பினத்தவள், அவன் வெள்ளையன் என்று பாட்டு ஓரிடத்தில்கூடச் சொல்வதில்லை; சொல்லத் தேவையில்லாமல் கேட்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. உணர்ச்சியை இவ்வளவு நேரம் பிடித்துவைப்பதற்குத் தொண்டையில் இனிமை வேண்டியதில்லை, கட்டுப்பாடு வேண்டும்.

கட்டுப்பாடு என்றதும் நினைவுக்கு வருகிறது. 1965இல் லண்டனில் ‘டைம்’ பத்திரிகை நிருபர் ஒருவரிடம், தான் கரூஸோவுக்குச் சமமான பாடகன், வேண்டுமானால் அவரைவிட மூன்று மடங்கு நேரம் மூச்சைப் பிடிப்பேன் என்று டிலன் சொல்லும் காட்சி அந்தப் பயணத்தை வைத்து எடுத்த ஆவணப்படத்தில் இருக்கிறது. இத்தாலிய இசைநாடக மேதையோடு தன்னை ஒப்பிடும் திமிர், நிருபரைச் சீண்டும் குறும்பு எல்லாம் அதில் உண்டு. ஆனாலும் மூச்சைப் பற்றிச் சொன்னது முழுக்க வேடிக்கை இல்லை. அக்காலப் பதிவுகளில் அவர் நீண்ட நீண்ட வரிகளை மூச்சு உடையாமல் கொண்டுபோகும் விதத்தையும், எந்த அசையில் அழுத்தம் விழ வேண்டுமோ அங்கே விழாமல் அதற்கு அடுத்ததில் விழும் விதத்தையும் கவனித்தால், தாளத்தின் மேல் எவ்வளவு பிடிப்பு உள்ளவர் என்பது தெரியும். தாளத்துக்குச் சற்றுப் பின்னால் நின்று பாடும் இந்த வித்தையை பில்லி ஹாலிடேவிடம் எல்லோரும் மெச்சுவார்கள். டிலன் செய்தால் பேசுகிறார் என்பார்கள்.

‘லைக் எ ரோலிங் ஸ்டோன்’ பதிவான கதை இந்த இடத்தில் பொருந்தும். 1965 ஜூன் 15 அன்று அதை மூன்று தாளக் கட்டில், வால்ட்ஸ் நடையில் முயன்றார்கள், ஒட்டவில்லை. மறுநாள் நான்கு தாளத்துக்கு மாற்றினார்கள். நான்காவது முறை பாடியதுதான் நாம் இன்று கேட்பது. அதன் பிறகும் பலமுறை பாடிப் பார்த்தார்கள், அது மறுபடி கைக்கு வரவே இல்லை. அந்தப் பதிவில் ஆர்கன் வாசிக்கும் ஆல் கூப்பர் ஆர்கன் கலைஞரே அல்ல. கிடார் வாசிக்க வந்தவர், இடம் கிடைக்காமல் ஆர்கன் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். அடுத்த ஸ்வரம் எதுவென்று உறுதி செய்துகொள்ளவே மற்றவர்களுக்கு ஒரு நூலளவு பின்தங்கி வாசித்தார். தயாரிப்பாளர் ஆட்சேபித்தும், அந்த ஆர்கன் ஒலியைக் கூட்டுங்கள் என்றார் டிலன். மெருகு இல்லாததில் எது வேண்டும், எது வேண்டாம் என்று பிரித்தறியும் காது இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும் அந்தப் பாட்டு, மூன்று நிமிடப் பாடல்களின் காலத்தில், அமெரிக்கப் பாடல் தரவரிசைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது.

டிலனின் பாடல்களை மற்றவர்கள் பாடித்தானே அவை புகழ்பெற்றன என்று நீங்கள் கேட்கக்கூடும். பெருமளவு உண்மை. ‘ப்ளோயிங் இன் த விண்ட்’ 1963இல் வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தது பீட்டர், பால் அண்ட் மேரி என்ற மூவர் குழுவின் குரல்களில்தான். ‘மிஸ்டர் டாம்பரின் மேன்’ பாடலைப் பேர்ட்ஸ் குழு 1965இல் முதலிடத்துக்குக் கொண்டுபோனது. டிலனின் குரலில் எந்தத் தனிப்பாட்டும் அந்த முக்கியப் பட்டியலில் முதலிடம் பிடித்ததில்லை. ஆனால் பேர்ட்ஸ் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். நான்கு சரணம் உள்ள பாட்டில் ஒன்றே ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார்கள். மின் கிடாரின் ஒலியும் சேர்ந்திசையும் மிக அழகு, எனக்கும் பிடிக்கும். அந்த அழகுக்கு ஒரு சரணம் போதும். தூக்கம் வராத ஒருவன் விடியற்காலையில் கால்போன போக்கில் போவதுபோல் டிலன் பாடும்போதோ நான்கு சரணமும் வேண்டியிருக்கிறது.

எதிர் உதாரணமும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் வக்கீலாகிவிடுவேன். ‘ஆல் அலாங் த வாட்ச்டவர்’ பாட்டை 1968இல் கிடார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வாசித்துப் பாடிய பதிவு டிலனுடையதைவிட மேல். டிலனே அதை மனமார ஒப்புக்கொண்டு, பிறகு மேடைகளில் ஹெண்ட்ரிக்ஸின் வழியில்தான் அதைப் பாடினார். ஹெண்ட்ரிக்ஸும் குரல் அழகுக்குப் பெயர்போனவர் அல்லர், தன் குரலைப் பற்றி அவருக்கே கூச்சம் இருந்தது என்பது வேறு கதை.

இனிய குரலுக்கு உச்ச உதாரணம் சாம் குக். தேவாலயப் பாடல்களிலிருந்து வந்த, பட்டுப்போன்ற குரல். ‘ப்ளோயிங் இன் த விண்ட்’ கேட்டபோது, இப்படி ஒரு பாட்டை ஒரு வெள்ளைக்காரப் பையன் எழுதிவிட்டானே, நான் எழுதவில்லையே என்று அவரை அது உறுத்தியது. அதைத் தன் மேடையிலும் பாடினார். 1964 ஜனவரியில் அவர் பதிவுசெய்த ‘எ சேஞ்ச் இஸ் கோனா கம்’ அந்த உறுத்தலில் பிறந்தது. 2015 பிப்ரவரியில் ஒரு விருது விழாவில் டிலன் நீண்ட உரை ஆற்றினார். நான் தவளைபோல் கத்துகிறேன் என்கிறார்களே, இதையே டாம் வெயிட்ஸையும் லெனார்ட் கோஹனையும் பார்த்து ஏன் சொல்வதில்லை என்று விமர்சகர்களைப் பிடித்துக்கொண்டார். ஐம்பது ஆண்டுக் காயம் ஆறவில்லை என்று தெரிகிறது. அந்த உரையில் சாம் குக்கை நினைவுகூர்ந்தார். குரல் அழகாக இருக்கிறது என்று யாரோ பாராட்டியதற்கு குக் தந்த பதிலாம்: குரல்களை அழகை வைத்து அளக்கக் கூடாது, அவை உண்மை பேசுகின்றன என்று நம்மை நம்பவைக்கின்றனவா என்பதுதான் முக்கியம்.

இந்தக் கூற்றைப் பிடித்துக்கொண்டு, டிலன் போலித்தனம் இல்லாதவர், மனத்தில் இருப்பதை அப்படியே பாடுகிறவர், அதனால்தான் நிலைத்தார் என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பெயரை மாற்றிக்கொண்டவர், கடந்தகாலத்தைப் புனைந்தவர், பத்து ஆண்டுக்குள் நான்கைந்து குரல்களில் பாடியவர். அப்படியே பாடுகிறவர் என்ற பட்டம் இவருக்கு எப்படிப் பொருந்தும்? குக் பேசியது நம்பவைப்பதைப் பற்றி. அது நடிகனுடைய திறமை. ஒவ்வொரு பாட்டையும் யார் பாடுகிறார்கள் என்று முதலில் தீர்மானித்துவிட்டு, அந்த ஆளின் தொண்டையோடு உள்ளே போகிறார். சாம் குக்குக்கு ஒரே தொண்டை, அது தேவலோகத் தொண்டை. டிலனிடம் பத்துப் பதினைந்து இருந்தன, ஒன்றும் தேவலோகத்தைச் சேர்ந்தது இல்லை.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். 1975 ஜனவரியில் வெளியான ‘பிளட் ஆன் த டிராக்ஸ்’ ஆல்பத்தை அவர் முந்தைய செப்டம்பரில் நியூயார்க்கில் பதிவுசெய்து முடித்துவிட்டார். பிறகு மனம் மாறி, டிசம்பரில் மினியாபொலிஸ் நகரில் உள்ளூர்க் கலைஞர்களோடு ஐந்து பாடல்களை மறுபடி பதிவுசெய்தார். அவற்றில் ஒன்று ‘இடியட் விண்ட்’. நியூயார்க்கில் பாடியது 1991இல் தொகுப்பு ஒன்றில் வெளிவந்தது. சில வரிகள் மாறியிருந்தாலும் பெரும்பகுதி ஒரே பாட்டுதான். நியூயார்க்கில் ஒருவன் அடங்கிய குரலில், தோற்றுப்போன களைப்போடு, தன்னையும் சேர்த்தே நொந்துகொள்கிறான். மினியாபொலிஸில் அதே ஆள் பற்களைக் கடித்துக்கொண்டு, சொற்களை எதிராளியின் முகத்தில் எறிகிறான். எது மேல் என்று ரசிகர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். என் ஓட்டு நியூயார்க்குக்கு. வரிகள்தான் எல்லாம் என்றால் இந்தச் சண்டைக்கே இடமில்லை.

லெனார்ட் கோஹனைப் பற்றிக் கொஞ்சம். மான்ட்ரியல்காரர், கவிதைத் தொகுப்புகளும் நாவல்களும் எழுதிப் பெயர் வாங்கிய பிறகு, 33 வயதில் 1967இல் முதல் ஆல்பம் வெளியிட்டவர். அவர் குரலின் வீச்சு மிகக் குறுகியது. வயதாக ஆக அது கீழே கீழே இறங்கி, கடைசியில் முணுமுணுப்பில் நின்றது. 1993இல் கனடாவின் ஜூனோ விருதுகளில் சிறந்த ஆண் பாடகர் பரிசு கிடைத்தபோது, இந்த நாட்டில் மட்டும்தான் என்னைப்போன்ற குரலுக்கு இந்தப் பரிசு கிடைக்கும் என்று நகைத்தார். டிலன் குரலால் ஆட்களைப் படைக்கிறார் என்றால் கோஹன் ஒரே ஆள்தான், அவர் நம் காதருகே உட்கார்ந்து பேசுகிறார். வழி வேறு. இருவருக்கும் பொதுவானது, தொண்டைக்கு எது முடியாது என்று அறிந்து, முடியாததை எழுதாமல் விட்டது. மெட்டில் பெரிய ஏற்றம் வராது, நீண்ட ஸ்வரப் பிடிப்பு வராது. அந்த இடத்தையெல்லாம் சொல்லுக்குக் கொடுத்துவிடுவார்கள். பாடலாசிரியரே பாடகராக இருப்பதன் ஆதாயம் இதுதான். பிறருடைய மெட்டைப் பாட வேண்டிய கட்டாயத்தில் இருக்கும் கரகரக் குரல்காரருக்கு இந்த வசதி கிடையாது, அவர் பாடு திண்டாட்டம்தான்.

நிலைத்த மதிப்பு என்று கேட்டீர்கள். இளமையில் கிடைக்கும் மதிப்பு ஒன்று, அது நிலைப்பது வேறொன்று. வழுவழுப்பான குரலுக்கு வயது எதிரி: உச்ச ஸ்வரங்கள் போய்விடும், பழைய பாட்டைப் பாடும்போது கேட்பவர்கள் இழப்பைத்தான் கேட்பார்கள். டிலனுக்கு இது தலைகீழாக நடந்தது. இருபது வயதில் வேஷமாகப் போட்டுக்கொண்ட கிழட்டுக் குரல் ஐம்பது கடந்ததும் சொந்தக் குரலாகிவிட்டது. 1997இல், 56 வயதில், ‘டைம் அவுட் ஆஃப் மைண்ட்’ வந்தபோது அந்தக் குரல் உடைந்து, உதிர்ந்து, அடித்தொண்டையில் கிடந்தது. ‘நாட் டார்க் யெட்’ என்ற பாட்டை அதில் கேளுங்கள். இன்னும் இருட்டவில்லை, ஆனால் இருட்டிக்கொண்டு வருகிறது என்று ஒரு மனிதன் சொல்கிறான். 1961இல் அதே விஷயத்தைப் பாடியவன் கெட்டிக்காரன்; 1997இல் பாடியவனைக் கெட்டிக்காரன் என்று சொல்லத் தோன்றவில்லை. அந்த ஆல்பத்துக்கு அந்த ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது.

அதோடு நின்றாரா? 2015க்கும் 2017க்கும் இடையில் மூன்று வெளியீடுகளாக 52 பழைய அமெரிக்கப் பாடல்களைப் பாடி வெளியிட்டார். பெரும்பாலும் ஃபிராங்க் சினாட்ரா பாடிப் புகழ்பெற்றவை, அதாவது இருபதாம் நூற்றாண்டின் மிக வழுவழுப்பான குரலுக்குச் சொந்தமானவை. எழுபது தாண்டிய ஒரு கரகரத் தொண்டைக்காரர் அதில் கைவைப்பது அடாவடி. எல்லாம் வெற்றி என்று சொல்ல மாட்டேன். மூன்று தட்டுகள் கொண்ட கடைசி வெளியீடு எனக்கு அலுத்துவிட்டது. ஆனால் அந்தப் பயிற்சிக்குப் பிறகு 2020இல் வந்த ‘ரஃப் அண்ட் ரவுடி வேஸ்’ ஆல்பத்தில் குரல் முன்னைவிடத் தெளிந்திருந்தது. கென்னடி கொலையை மையமாக வைத்த பதினேழு நிமிடப் பாட்டு ஒன்று அதில் இருக்கிறது. பெரும்பாலும் வாசிப்புதான், மெட்டு என்று பெரிதாக எதுவும் இல்லை. அதைப் பதினேழு நிமிடம் தூக்கிப் பிடிப்பது அந்தக் குரல் ஒன்றுதான்.

இவ்வளவும் சொன்ன பிறகு உங்களுக்கு அந்தக் குரல் பிடித்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. மூக்கொலி சிலருக்குக் காதில் ஒட்டவே ஒட்டாது, அதற்கு மருந்து கிடையாது. மோசமான டிலனும் ஏராளமாக இருக்கிறார். மேடையில் சொந்தப் பாட்டையே அடையாளம் தெரியாமல் சிதைப்பார். டிக்கெட் வாங்கிப் போனவர்கள் பாட்டு முடியும் தறுவாயில்தான் அது எந்தப் பாட்டு என்று கண்டுபிடிப்பார்கள். இதற்கும் ரசிகர்கள் தத்துவ விளக்கம் வைத்திருக்கிறார்கள். எல்லா இரவுக்கும் அது பொருந்தாது.

முயன்று பார்க்க நினைத்தால் ஆரம்ப காலத்துப் புகழ்பெற்ற பாடல்களிலிருந்து தொடங்காதீர்கள். அவை உங்களுக்கு ஏற்கெனவே வேறு குரல்களில் பழகியிருக்கும், ஒப்பீடு வந்து கெடுக்கும். முதலில் ‘பிளட் ஆன் த டிராக்ஸ்’ முழுவதும், பிறகு ‘இடியட் விண்ட்’ பாட்டின் இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்து. அதன் பிறகு ‘ஹாட்டி கரோல்’, கதை தெரிந்த நிலையில். பிறகு ‘நாஷ்வில் ஸ்கைலைன்’ ஆல்பத்தில் ஏதாவது இரண்டு பாட்டு, இது அதே ஆள்தான் என்று காது ஒப்புக்கொள்வதற்காக. அப்புறம் நேராக 1997. கிரேட்ஃபுல் டெட் குழுவோடு 1987இல் மேடையேறிப் பாடி 1989இல் வெளியிட்ட ஆல்பத்தை மட்டும் கடைசிவரை ஒத்திப்போடுங்கள். தீவிர ரசிகர்களே அதற்கு வக்காலத்து வாங்கத் தயங்குகிறார்கள்.